லூயிஸ் டாப்பனும் கடன் தகவல் தொழிலின் தோற்றமும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க் நகரத்து மொத்த வணிகர்கள், வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சரக்கெடுக்க வரும் வெளியூர்க் கடைக்காரர்களுக்குப் பெரும்பாலும் பல மாதத் தவணையில் கடனுக்கே சரக்கு கொடுத்துவந்தனர். வந்தவர் கடனைத் திருப்பித் தரக்கூடியவரா என்பதை அறிய, அவர் கொண்டுவரும் பரிந்துரைக் கடிதத்தையும் பழைய பழக்கத்தையும் விட்டால் வேறு வழி அரிதாகவே இருந்தது. 1837இன் நிதி நெருக்கடியில் வெளியூர்ப் பாக்கிகள் வசூலாகாமல் போகவே, பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் நொடித்தன. அப்போது பணம் கொடுப்பதை நிறுத்த நேர்ந்தவற்றுள் ஆர்தர் டாப்பனின் பட்டு வணிக நிறுவனமும் ஒன்று. அதில் பங்குதாரராக இருந்தவர் அவருடைய தம்பி லூயிஸ் டாப்பன் (1788–1873).

இந்த நொடிப்பிலிருந்து லூயிஸ் கண்டெடுத்தது ஒரு புதிய தொழில். 1841 ஆகஸ்டில் அவர் தொடங்கிய ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’, அதாவது வணிகர் தகவல் முகமை, சரக்கை விற்கவில்லை. சரக்கு வாங்குபவரைப் பற்றிய செய்தியை விற்றது. ஊர்தோறும் அமர்த்தப்பட்ட நிருபர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வழக்கறிஞர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்தந்த ஊரில் வாராக்கடன் வசூலிக்கும் வழக்குகள் அவர்களிடம் வந்துசேரும் என்பதே ஊதியம். ஆபிரகாம் லிங்கனும் இத்தகைய நிருபராக இருந்தவர் என்பது, முகமை எத்தகையோரை நாடியது என்பதைக் காட்டும். கடைக்காரரின் முதல், சொத்து, கடன் ஆகியவற்றோடு அவருடைய வயது, குடும்ப நிலை, குடிப்பழக்கம், பேச்சில் நாணயம் ஆகியவையும் சுருக்கக் குறிப்புகளாகப் பெரிய பேரேடுகளில் ஏறின. சந்தா கட்டிய வணிகர் அலுவலகத்துக்கே வந்து பெயரைச் சொல்லிக் கேட்க, எழுத்தர் உரிய பக்கத்தை வாசித்துக் காட்டுவார். குறிப்பு எழுத்தில் வெளியே போவதில்லை. அவதூறு வழக்குக்கு அஞ்சியே இத்தனை கட்டுக்காவல் இருந்தது. அப்படியும் ஒஹையோ மாநில வணிகர் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது.

டாப்பன் சகோதரர்கள் அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்கள். 1834இல் கலகக்காரர்கள் லூயிஸின் வீட்டைச் சூறையாடித் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தனர். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது ஆமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்காக வழக்கு நடத்த உதவிய குழுவிலும் அவர் இருந்தார். இதனால் தென்மாநிலங்களில் நிருபர்களைப் பிடிப்பது முகமைக்குக் கடினமாயிற்று. ஆயினும் மனிதரின் ஒழுக்கத்தை எடைபோட்டுப் பதிவு செய்ய முடியும் என்ற உறுதி, அவருடைய சமயப் பற்றிலிருந்தே பிறந்தது என்று கொள்வது பொருந்தும். தொழிலின் வலிமையும் அதன் ஆபத்தும் ஒருங்கே அதில் அடங்கியிருந்தன.

லூயிஸ் 1849இல் விலகினார். முகமை பெஞ்சமின் டக்ளஸிடமும், 1859இல் ராபர்ட் கிரஹாம் டன்னிடமும் சென்றது. போட்டியாளரான பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்துடன் 1933இல் இணைந்து ‘டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்’ ஆயிற்று. பழைய பேரேடுகளில் 2,500க்கும் மேற்பட்ட தொகுதிகள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. அவற்றில் பெயர் ஏறிய கடைக்காரர்களுக்குத் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் பார்க்கும் உரிமை இருந்ததில்லை. தனிநபர் கடன் பதிவுகளைப் பொறுத்தவரை அத்தகைய உரிமையை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1970இல்தான் வழங்கியது.