இடிக்கும் முன் கேட்க வேண்டும்: ஒரு தீர்ப்பின் வரலாறு

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் மஸ்ஜிதுந் நபவியை விரிவுபடுத்தக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முனைந்தபோது, அதையொட்டி அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. விலைக்குத் தரலாம், வேறிடத்தில் மாற்று வீடு பெறலாம், அல்லது தர்மமாக விட்டுவிடலாம் என மூன்று வழிகளைக் கலீஃபா முன்வைத்தார்கள். அப்பாஸ் (ரலி) மூன்றையும் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னரே அப்பாஸ் (ரலி) அவ்வீட்டை மனமுவந்து பள்ளிக்கு வழங்கினார்கள். அவர்களின் தாராளத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆட்சியாளரும் ஒரு நடுவர் முன் நின்றார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அப்பாஸ் (ரலி) அவ்வீட்டின் உரிமையாளர். உரிமைப் பத்திரமே இல்லாமல் பல்லாண்டு காலம் ஓரிடத்தில் வாழ்ந்தவரின் நிலை என்ன? இந்திய நாட்டில் இக்கேள்விக்கு விடை தேடிய வழக்கில் நம் தமிழகத்தவர் ஒருவரும் இருந்தார்.

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளி அவர். வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் சென்றார். நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட ஒரு குடிசைக்காக, அப்பகுதியை ஆட்டிப் படைத்த ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார். மனைவியுடனும் மூன்று பெண் மக்களுடனும் அங்கு வாழ்ந்தார். 1981 ஜூலை 13 அன்று, நடைபாதைவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவர் என மராட்டிய முதலமைச்சர் அறிவித்தார். கொட்டும் மழைக்காலத்தில் குடிசைகள் இடிக்கப்பட்டன. அக்குடும்பமும் சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டது. ஆயினும் பிழைப்பைத் தேடி அவர் மட்டும் மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார்.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் தொடுத்த இவ்வழக்கில், தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. வாழ்வாதாரத்தைப் பறிப்பது உயிரையே பறிப்பதாகும் என்றும், ஆகவே அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றும் நீதிமன்றம் கூறியது. பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, முன்னறிவிப்பின்றியே ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையருக்கு அதிகாரம் அளித்திருந்தது. அது விருப்புரிமையே, அறிவிப்புத் தந்து, பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்பதே பொதுவிதி என நீதிமன்றம் விளக்கியது.

எனினும் நாம் மிகைப்படுத்தக் கூடாது. நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் அதே தீர்ப்பு உரைத்தது. 1976 கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலைத்து, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவை இருந்தாலன்றி அகற்றலாகாது. அகற்றினால் மாற்றிடம் வேண்டும் என்றது. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழியும் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, வெளியேற்றத்தைத் தள்ளியும் வைத்தது.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மேலும் ஓரடி சென்றது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிக்கலாகாது; இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்துடன் அறிவிப்புத் தர வேண்டும்; விதிமீறும் அதிகாரி தம் சொந்தப் பொறுப்பில் ஈடு செய்ய வேண்டும் என்றது. ஆனால் சாலை, நடைபாதை, இருப்புப்பாதையோரம், நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்நெறிமுறை பொருந்தாது. ஆகவே மிக எளிய மக்களுக்கு 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பே இன்றும் அரணாக நிற்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் உண்டு. பிறர் நிலத்தை அபகரிப்பதை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் வேறு வழியின்றி ஒதுங்கியவரை அபகரித்தவராக எண்ணுவதும் அநீதியே. குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வரி ரசீது ஆகியவற்றை நம் வீடுகளில் பேணிக் காக்க வேண்டும். பம்பாயில் 1976ஆம் ஆண்டின் ஓர் அட்டைதானே மாற்றிடம் பெறுவோரையும் பெறாதோரையும் பிரித்தது! அறிவிப்பு வந்தால் அஞ்சி ஒளியாமல், குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு, அவர் எச்சமயத்தவராயினும், அதை எழுதிக் கொடுப்பது நம் மஹல்லாவில் படித்தவர்களின் கடமையாகும்.