தொட்டித் தண்ணீரில் வளர்ந்த காய்ச்சல்

1344ஆம் ஆண்டு இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கியது இந்தக் கரையார் பெருமையோடு சொல்லும் கதை. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிழக்காபிரிக்காவின் மொம்பாசாவையும் கில்வாவையும் அவர் பார்த்துவிட்டார். பருவக்காற்றை நம்பி ஓடிய பாய்க்கப்பல்கள் அந்தக் கரையையும் இந்தக் கரையையும் நெடுங்காலமாகவே இணைத்திருந்தன. 2006இன் கடைசியில், அதே ஆபிரிக்கக் கரையில் புறப்பட்ட சிக்குன்குனியா வைரஸ் புத்தளத்தை வந்தடைந்தது. முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி மாதக்கணக்கில் அல்லற்பட்டவர்களுக்கு அந்தக் காய்ச்சலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது வந்த வழிதான் வியப்புக்குரியது.

முதல் தடயம் 1779இல் பத்தாவியாவில் கிடைக்கிறது. இன்றைய ஜகார்த்தாதான் அது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர்களின் ஆசியத் தலைநகரம். அங்கே அறுவை மருத்துவராக இருந்த டேவிட் பைலோன், மூட்டுகளை முறுக்கிய ஒரு காய்ச்சலை எழுதிவைத்தார். அது அவரையும் விட்டுவைக்கவில்லை. பின்வந்தோர் அதை டெங்கு என்றே எண்ணினார்கள். வேலூரில் வைரஸ் ஆய்வு செய்த டொனால்ட் கேரி பழைய ஏடுகளைப் புரட்டி, பைலோன் கண்டது சிக்குன்குனியாவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1971இல் வாதிட்டார். 1823இல் சான்சிபாரிலும் மறு ஆண்டு இந்தியாவிலும், 1870இல் மீண்டும் சான்சிபாரிலும் அதையடுத்து இந்தியாவிலும் பரவிய காய்ச்சல்களையும் அவர் இதே கணக்கில் சேர்த்தார். கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்கள் ஆபிரிக்காவில் பிறந்த ஏடிஸ் எஜிப்டை நுளம்புக்கு மிதக்கும் வீடாயின. மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராகக் கடிபட, கடற்பயணம் முடியும்வரை வைரஸும் உயிரோடிருக்க முடிந்தது.

வைரஸ் பிடிபட்டது 1952–53இல், தங்கனிக்காவின் மக்கொண்டே பீடபூமியில். நீர் அரிதான அந்த மேட்டில் தொலைவிலிருந்து சுமந்துவந்த தண்ணீரைக் குடிசைக்குள்ளேயே சேமித்தார்கள். நுளம்பும் அங்கேயே பெருகியது. பிறகு ஆசியாவின் முறை: 1963இல் கல்கத்தா, 1964இல் சென்னையும் வேலூரும், 1965இல் இலங்கை. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிய பின் இந்தியாவில் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. மருத்துவர்களே அதை மறந்துபோனார்கள்.

2004இல் கென்யாவின் பழந்துறையான லாமுத் தீவில் காய்ச்சல் வெடித்தது. மழை பெய்தால்தான் நுளம்பு பெருகும் என்று நம்பியவர்களை அது திகைக்க வைத்தது, ஏனென்றால் அப்போது அங்கே வறட்சி. அடிக்கடி நிரப்ப வழியில்லாததால் கலங்களில் தண்ணீர் நாட்கணக்கில் கிடந்தது. அடுத்து ரியூனியன் தீவு. எட்டு இலட்சத்துக்கும் குறைவான மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை அது பிடித்தது. 2006இல் இந்தியாவில் மட்டும் 13 இலட்சம் பேருக்கு மேல் நோய்ச் சந்தேகம். ஆண்டு முடிவதற்குள் புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை.

புத்தளத்தின் உப்பளங்களை வாழவைப்பது வறண்ட வெயில். அதே வெயில்தான் வீட்டுக்கு வீடு சீமெந்துத் தொட்டியும் பிளாஸ்டிக் பீப்பாயும் வைக்கச் செய்கிறது. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரிப்பொடி தூவியதுபோல் ஒட்டியிருப்பவை ஏடிஸ் முட்டைகள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டும்.

2008இல் காய்ச்சல் இலங்கையின் ஈரமான றப்பர்த் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 2006இல் வந்த வைரஸில் இல்லாத ஒரு மரபணு மாற்றம் இந்த முறை இருந்தது. வெளிப்புறப் புரதமொன்றில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியதால், புலி நுளம்பு எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸின் உடலில் வைரஸ் செழித்து வளர்ந்தது. ரியூனியனிலும் கேரளத்திலும் மத்திய ஆபிரிக்காவிலும் இதே மாற்றம் தனித்தனியாக நிகழ்ந்தது. ஒன்றையொன்று பாராமலே எழுதிய அச்சு நகல்கள்.

பிரேசிலின் றப்பர் மரம் கியூ தோட்டத்தின் வழியாக 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தது. பால் வடிக்க அந்த மரத்தில் கட்டும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் புலி நுளம்புக்குக் கொண்டாட்டம். அந்த நுளம்பு கடல் கடந்ததும் றப்பரில்தான்: பழைய டயர்களுக்குள் ஒட்டிய முட்டைகளாக ஆசியாவிலிருந்து போய், 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பெருகியிருந்தது. டயர் வியாபாரம் இத்தாலிக்கும் அதைக் கொண்டுசேர்த்தது. 2007இல் கேரளத்திலிருந்து போன ஒரு பயணியின் இரத்தத்தில் வைரஸ் இருக்க, ரவென்னா அருகே ஒரு கிராமத்தில் தொடங்கி இருநூறு பேரளவில் நோயுற்றார்கள்.

ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன் முதலான ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட செய்தி என்னை இன்னும் கலங்க வைக்கிறது. நன்னீரில் மட்டுமே வளரும் என்று நம்பப்பட்ட இரு ஏடிஸ் இனங்களின் குடம்பிகளையும் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கரைகளின் உவர்நீரில் அவர்கள் கண்டார்கள். லீற்றருக்கு 15 கிராம்வரை உப்பிருந்த நீரிலும் அவை இருந்தன. கடல்நீரில் உள்ளதே சுமார் 35 கிராம்தான். நன்னீர்க் கலங்களை மட்டும் துப்புரவாக்கி வந்ததே நுளம்பை இந்தப் பக்கம் தள்ளியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கற்பிட்டியிலிருந்து சிலாபம்வரை கரையேற்றிய வள்ளங்களின் அடியில் கிடக்கும் தண்ணீரையும் கைவிட்ட கரையோரக் கிணறுகளையும் சுகாதாரப் பரிசோதகர்கள் இனி எட்டிப் பார்த்தாக வேண்டும். உப்புக் கரிக்கிறது என்று விட்டுவிட முடியாது.