தெய்வ தண்டனையும் இரக்கமும்: 1934 பீகார் நிலநடுக்க விவாதத்தை முன்வைத்து

1934 ஜனவரி 15 திங்கட்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் வடபீகாரும் நேபாளமும் குலுங்கின. அரசுக் கணக்கின்படி பீகாரில் மட்டும் 7,253 பேர் இறந்தனர். நேபாளத்தில் 8,500க்கும் மேற்பட்டோர். முங்கேர் நகரின் கடைவீதி செங்கற்குவியலாயிற்று. மோதிஹாரி தொடங்கிச் சீதாமர்ஹி, மதுபனி வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் சேறாகி, கட்டடங்கள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயின. பூமி பிளந்து நீரும் மணலும் பீறிட்டன, கிணறுகள் தூர்ந்தன, சர்க்கரை ஆலைகள் இடிந்ததால் வெட்டக் காத்திருந்த கரும்புக்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் திருநெல்வேலிக்கு வந்திருந்த காந்தி, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையாகவே இந்த அழிவைத் தாம் காண்பதாகப் பேசினார்.

இதை அறிந்த தாகூர் மறுப்பு ஒன்றை எழுதிக் காந்திக்கே அனுப்பினார். காந்தி அதைத் தம் 'ஹரிஜன்' இதழில் பிப்ரவரி 16 அன்று வெளியிட்டு, கூடவே தம் பதிலையும் வெளியிட்டார். தம்மைக் கண்டித்த கட்டுரைக்குத் தம் இதழிலேயே இடம் தந்த அந்தப் பண்பு தனியே பேசத்தக்கது. இந்த விவாதம் பெரும்பாலும் அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் நடந்த மோதலாகவே வாசிக்கப்பட்டுள்ளது: ஒரு பக்கம் பகுத்தறிவுக் கவிஞர், மறுபக்கம் நம்பிக்கையில் ஊறிய மகாத்மா. இந்த வாசிப்பு தவறில்லை என்றாலும் விவாதத்தின் கூர்மையான முனையை அது தவறவிடுகிறது. கடவுள் இயற்கையில் தலையிடுகிறாரா என்பதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், காந்தி சொன்ன விளக்கம் நிற்காது என்பதே என் வாதம். அது பௌதிக விதிகளோடு மோதுவதற்கு முன்பே இரக்கத்தோடு மோதுகிறது. காந்தியை எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. அவருடைய கருணையை எவரும் ஐயுற முடியாது. அவர் எதிர்த்த கொடுமை உண்மையான கொடுமை. அவர் சுட்டிய விரல் தம் சமூகத்தை நோக்கியது. தண்டனைக் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைக்கமாட்டார். அவர் கையிலேயே அது தோற்குமானால் வேறு யார் கையில் வெல்லும்?

தண்டனை என்றால் குற்றத்துக்கும் அதைச் சுமப்பவருக்கும் இடையே ஏதாவது ஒரு பொருத்தம் வேண்டும். முங்கேரில் இறந்தவர்கள் யார்? நிலம் குலுங்கிய நாள் ரமலான் நோன்பின் கடைசி நாட்களில் ஒன்று. இடிபாட்டில் சிக்கியவர்களில் இஸ்லாமியரும் இருந்தனர். இந்துக் கோயில் வாசலில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர். தீண்டாமையைச் சுமந்துவந்த சாதியினரும் இறந்தனர். அதாவது குற்றத்துக்கு இரையானவர்களே அதற்கான தண்டனைக்கும் இரையாயினர். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1939இல் வெளியிட்ட விரிவான அறிக்கை காட்டும் சேதத்தின் வரைபடம் வேறொரு ஒழுங்கைச் சொல்கிறது. கங்கைச் சமவெளியின் நீர் ஊறிய வண்டல் எங்கே தளர்ந்ததோ அங்கே நிலம் அமிழ்ந்தது. குறுகிய தெருவில் நெருக்கியடித்த செங்கல் வீடுகள் எங்கே இருந்தனவோ அங்கே சாவு குவிந்தது. மூங்கிலும் மண்ணும் வேய்ந்த குடிசை விழுந்தாலும் உள்ளே இருந்தவர் பிழைக்க வழி இருந்தது. அழிவு மண்ணையும் சுவரையும் பார்த்ததே ஒழிய ஒழுக்கத்தைப் பார்க்கவில்லை. தாகூரின் மறுப்பில் மிக வலுவான இடமும் இதுதான். தொலைவில் பத்திரமாக இருக்கும் உண்மைக் குற்றவாளிகளுக்குப் பாடம் கற்பிப்பதற்காக, குழந்தைகளும் தீண்டப்படாதோரும் அடங்கிய கூட்டத்தைக் கண்மூடித்தனமாகப் பலியிடும் செயலை நாகரிகமுள்ள எந்த ஆட்சியாளரும் செய்யமாட்டார் என்றார் அவர். மனிதரிடம் நாம் சகிக்காத ஒன்றைத் தெய்வத்தின் மேல் ஏற்றிவிட்டு அதற்கு நீதி என்று பெயரிடுகிறோம் என்பதே அதன் உட்பொருள்.

காந்தி தரப்பில் சொல்லத்தக்க முதல் பதில், அவர் பிறரைக் குற்றம் சாட்டவில்லை என்பது. தம்மையும் தம்மைப் போன்ற இந்துக்களையும்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். எதிராளிகளை அடிப்பதற்கு இந்த நம்பிக்கையைத் தாம் பயன்படுத்தினால் அது இழிவான மூடநம்பிக்கையே என்று தம் பதிலில் அவரே எல்லை வகுத்தார். நேர்மையான எல்லைதான். ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது. திருநெல்வேலிக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களுடைய குற்றத்துக்கான விலையை வேறு யாரோ கட்டினார்கள். தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வது உயர்ந்த செயலாவது அதன் வலியைத் தானே ஏற்கும்போது. காந்தியின் உண்ணாவிரதங்களுக்கு அந்தத் தகுதி இருந்தது. அங்கே வருந்தியது அவருடைய உடல். நிலநடுக்கத்தை வாதமாக்கியபோது வருந்தியது பீகாரியின் உடல், பாடம் திருநெல்வேலிக்காரருக்கு. எவ்வளவு நல்ல பாடமாக இருந்தாலும், இறந்தவர் அதில் ஒரு கருவியாகிவிடுகிறார்.

கர்மக் கோட்பாட்டின் துணையை நாடுவோரும் உண்டு. இந்திய மரபில் துன்பத்துக்கு வினைப்பயன் என்ற விளக்கம் இருக்கிறதே, காந்தி சொன்னதில் புதுமை என்ன என்று அவர்கள் கேட்கலாம். உண்மையில் காந்தியின் கூற்று கர்மக் கோட்பாட்டின் வழக்கமான வடிவத்தோடு ஒட்டாது. வினை செய்தவரைத்தான் பயன் தேடி வரும் என்பதே அக்கோட்பாட்டின் அடிப்படை. ஒருவர் செய்ததை முன்பின் அறியாத மற்றொருவர் அனுபவிப்பது அதற்கு அந்நியம். ஒரு சமூகம் முழுவதும் பாவம் செய்ய, அதன் ஏதோ ஒரு பகுதி மேல் கடவுளின் கோபம் இறங்குவது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளின் மொழிக்கே நெருக்கமானது. எனினும் கர்மத்தைத் துணைக்கு அழைத்தால் நிலைமை மோசமாகுமே தவிர மேம்படாது: இறந்த குழந்தை முற்பிறவியில் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று முடியும் அது. காந்தி அந்தப் படியில் இறங்கவில்லை என்பது அவருக்குப் பெருமை.

இரண்டாவது பதில் பயன்பாடு பற்றியது. தம் நம்பிக்கை தவறென்று தெரியவந்தாலும், தமக்கும் தம்மோடு சேர்ந்து நம்புவோருக்கும் அது நன்மையே செய்திருக்கும், தீண்டாமை ஒழிப்பில் இன்னும் முனைப்பாக இறங்கத் தூண்டியிருக்கும் என்று காந்தி வாதிட்டார். உண்மையை வாழ்நாள் முழுதும் முதலிடத்தில் வைத்தவர் எழுதிய வரிகளில் இது எனக்குச் சங்கடம் தருவது. தவிர, அந்தத் தூண்டுதல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. இத்தகைய வாதம் காந்தியின் எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்று தாகூர் எச்சரித்திருந்தார். தீண்டாமை ஒழிப்பு என்னும் அதர்மத்துக்குக் கிடைத்த அடிதான் இது என்று சனாதனிகளும் சொல்லிவிட முடியும் அல்லவா? 1936இல் வெளிவந்த தன்வரலாற்றில் நேரு, சட்டமறுப்பில் முன்னின்ற மாகாணத்துக்கு வந்த தண்டனை என்று ஆங்கில அரசும் இதைச் சொல்லலாமே என்று கேலி செய்தார். எழுபது ஆண்டு கழித்தும் இந்தப் பேச்சு ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், அதற்கு முந்தைய மாதம் காஞ்சி சங்கராச்சாரியார் கைதானதன் விளைவே அது என்ற பேச்சு தமிழ்நாட்டில் எழுந்தது. (அந்த வழக்கிலிருந்து அவர் 2013இல் விடுவிக்கப்பட்டார் என்பது வேறு செய்தி.) அலை வாரிக்கொண்டு போனதோ நாகப்பட்டினத்து மீனவக் குப்பங்களை. அதே மாவட்டத்து நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. பேரழிவு தீண்டாமையை உலுக்கிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு இதைவிடக் கசப்பான மறுமொழி வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. தாகூரும் அதற்கு விடை தரவில்லை. நிலத்தட்டுகள் உரசின என்ற செய்தி பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு என்ன ஆறுதல் தரும்? 'ஏன் எனக்கு?' என்ற அவள் கேள்விக்கு அறிவியலிடம் பதில் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சமயம் நிரப்பினால் குற்றமா? குற்றமில்லை, யார் நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தது. துன்புற்றவள் தன் துன்பத்தில் தெய்வத்தின் கையைக் கண்டால், தன்னையே நொந்துகொண்டால், அது அவளுக்கும் அவள் தெய்வத்துக்கும் இடையிலான வழக்கு. வெளியே நிற்பவர் அதே சொற்களை அவளைப் பற்றிச் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. விவிலியத்தின் யோபு நூலில், துன்புற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் கடவுளின் கண்டனத்துக்கே ஆளானார்கள். அந்நூல் நம்பிக்கையை மறுக்கும் நூல் அல்ல என்பதால் அதன் சாட்சியத்துக்கு இங்கே எடை அதிகம்.

காரணம் கற்பிக்காமலே பேரிடரை எதிர்கொள்ளும் பழக்கம் பக்தி மரபுக்குள்ளும் உண்டு. பெரியபுராணம் சொல்லும் திருவீழிமிழலைப் பஞ்சத்தில் மழை பொய்த்து மக்கள் வாடியபோது, இறைவன் அப்பர், சம்பந்தர் இருவரின் கனவிலும் தோன்றி, கால நிலைமையால் நேர்ந்த துன்பம் என்கிறாரே தவிர யாருடைய பாவத்தையும் எடுக்கவில்லை. அடியவர்க்கு உணவிட நாள்தோறும் காசு வைக்கிறார். அதன்பின் கதையின் கவலையெல்லாம் சாப்பாட்டு நேரம் பற்றியது. சம்பந்தரின் காசில் வாசி (மாற்றும்போது பிடிக்கும் கழிவு) இருந்ததால், அதை மாற்றிப் பண்டம் வாங்கி உலையேற்ற நேரமாகிறது. அவர் மடத்தில் பந்தி தாமதப்படுகிறது. வாசி தீர்க்கும்படி அவர் பதிகம் பாடுகிறார். உணவு அடியார்களுக்கே என்ற வரம்பு இக்கதையில் இருப்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் பஞ்சத்தின் பொருளை ஆராயாமல் பசித்தவரின் பந்தி தாமதமாவதை இறைவனிடம் முறையிடத்தக்க பிரச்சினையாகக் கண்ட சமயப் பார்வை ஒன்று இங்கே இருக்கிறது.

காந்தியின் இயக்கத்துக்குள்ளும் அத்தகைய பார்வை செயலில் இருந்தது. திருநெல்வேலிப் பேச்சின் புகழில் அது மறைந்துபோயிற்று. ஜனவரி 17 அன்று சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு அமைந்தது. கிணற்று மணலை அள்ளுவது, குடிநீர் கிடைக்கச் செய்வது, தங்க இடம் அமைப்பது என்று வேலை நடந்தது. குழுவின் கணக்குகளைக் கண்காணித்தவர் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 3 அணா என்று அவர் வரம்பு கட்டியிருந்தார். மார்ச் மாதம் காந்தி பரிவாரத்தோடு பாட்னா வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டார். அந்தப் பணம் வீடிழந்தவர்களுக்காகத் திரட்டியது என்பதே அவர் சொன்ன காரணம். காந்தி அதை ஏற்றுக்கொண்டார்.