முறைமணம்: வட ஆற்காட்டில் துணைத் தேர்வின் வரலாறு

முன்னுரை

யாரைத் துணையாக ஏற்பது, யாரை விலக்குவது என்பதற்கு பல உயிரினங்களிடமும் ஏதோ ஓர் ஒழுங்கு உண்டு. மனிதரிடம் அது வழக்கமாகவும் சட்டமாகவும் வளர்ந்தது. தமிழர் அதனை ‘முறை’ என்ற ஒரே சொல்லால் குறித்தனர். இம்முறையை உலக அறிஞர்கள் அறிந்துகொண்டதிலும், அதன் விளைவுகள் அளந்து பார்க்கப்பட்டதிலும் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அன்று அதில் அடங்கியிருந்தன.

விலங்குகளின் வழி

நாட்டுக்குரங்குகளில் ஆண்கள் பருவம் எய்தியதும் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தில் சேர்கின்றன. யானைக் கூட்டத்திலிருந்தும் ஆண் யானைகள் வெளியேறுகின்றன. இதனால் நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை குறைகிறது.

கேம்பிரிட்ஜ் அறிஞர் பேட்ரிக் பேட்சன் 1982இல் ஜப்பானியக் காடைகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். உடன்பிறந்தவற்றோடு வளர்ந்த காடைகள், வளர்ந்த பின் உடன்பிறப்புகளை அவ்வளவாக நாடவில்லை. முற்றிலும் அயலானவற்றையும் நாடவில்லை. முன்பு பார்த்திராத, பெற்றோரின் உடன்பிறப்புகளுக்குப் பிறந்த காடைகளின் அருகிலேயே அதிக நேரம் நின்றன.

முறை என்பது என்ன?

பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். அவர்களை மணப்பது முறைகேடு. அத்தை, மாமன் பிள்ளைகளோ மணமுறை உடையவர்கள். பல சமூகங்களில் அக்காள் மகளும் தாய்மாமனுக்கு முறைப்பெண்ணே.

மொழியே இதற்குச் சான்று. தாயின் உடன்பிறந்தவரும் மாமா, கணவனின் தந்தையும் மாமா. தந்தையின் உடன்பிறந்தவளும் அத்தை, மாமியாரும் அத்தை. உறவே இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்ணும் இப்படித்தான் அழைக்கிறாள்.

ஆனால் மரபணுக் கணக்கு வேறு. சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒருவரோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கின்றனர். அக்காள் மகள் நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறாள். ஆகவே முறை என்பது குருதியின் அளவால் வகுத்த எல்லை அன்று. குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வகுத்துக்கொண்ட எல்லை.

1871: இரண்டு நூல்கள்

அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலக மக்களின் உறவுப் பெயர்களைத் திரட்டி வந்தார். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரிகள் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. அமெரிக்கப் பழங்குடியினரான இரோகுவா மக்களின் உறவுமுறையோடு தமிழ் முறை பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு அவர் வியந்தார். அவரது பெருநூல் 1871இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் சார்லஸ் டார்வின், மயிலின் தோகை போன்றவை பெண் பறவையின் தேர்வால் உருவானவை என்று விளக்கும் நூலை வெளியிட்டார். டார்வின் 1839இல் மணந்த எம்மா, நம் முறைப்படி அவருக்கு மாமன் மகள். தம் பிள்ளைகளின் உடல்நலம் குறித்து அவர் கவலைப்பட்டார். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது உறவுத் திருமணம் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவர் முயன்றார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

வேலூர் ஆய்வு

டார்வின் விரும்பியது போன்ற கணக்கெடுப்பு, நூறாண்டுக்குப் பின் வட ஆற்காட்டில் நடந்தது. ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் பி.எஸ்.எஸ்.ராவ், எஸ்.ஜி.இன்பராஜ் ஆகியோர் வீடு வீடாகத் திரட்டிய தகவல்களை 1977இல் வெளியிட்டனர். கிராமங்களில் ஏறத்தாழ பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்திருந்தன. நகரில் இது குறைவு. மகப்பேற்றிலும் கருச்சிதைவிலும் உறவில் மணந்தவருக்கும் அயலில் மணந்தவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பல தலைமுறைகளாக உறவில் மணந்ததால் தீய மரபணுக்கள் சில குறைந்திருக்கலாம் என்பது இதற்குக் கூறப்பட்ட ஒரு விளக்கம். எனினும் இதனால் தீங்கே இல்லை என்று கொள்ளலாகாது. ஒவ்வொருவரிடமும் வெளித்தெரியாத குறை மரபணுக்கள் சில உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் தோன்றும். பிறவிச் செவிட்டுத்தன்மையின் பல வகைகள் இவ்வாறு வருபவை. சராசரிக் கணக்கில் மறைந்துபோகும் இத்துன்பம், நேரும் குடும்பத்துக்கு முழுச் சுமையாகும்.

சட்டமும் சமயமும்

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுக்கிறது. ஆனால் வழக்காறு இருந்தால் விலக்கு அளிக்கிறது. இஸ்லாமியச் சட்டம் சித்தப்பா மகளையும் மாமன் மகளையும் மணக்க அனுமதிக்கிறது. அக்காள் மகளை மணப்பதைத் தடுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் இத்தகைய மணங்களுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் நகரங்களில் ஒரே தெருவில் இம்மூன்று விதிகளையும் காணலாம்.

முடிவுரை

நிலம் கைமாறாது, சீர்வரிசைச் செலவு குறையும், பெண் அறிந்த வீட்டுக்குப் போவாள் என்பவை முறைமணத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கல்வியும் வேலைவாய்ப்பும் இக்காரணங்களைத் தளர்த்திவிட்டன. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவுக்குள் மணந்தவர்கள். குடும்பத்தில் பிறவிக் குறை இருப்பின் திருமணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுதல் நலம். தொட்டிலில் கிடக்கும்போதே ‘இவள் இன்னாருக்கு’ என்று பேசி முடித்த காலத்தில் பெண்ணின் விருப்பம் கேட்கப்படவில்லை. முறை என்பது மணக்கலாம் என்னும் அனுமதியே; மணந்தே தீரவேண்டும் என்னும் கட்டளை அன்று.