குதிரை வந்தது, வைத்தியன் வரவில்லை

பழைய மோட்டார் வண்டியைப் பழுது பார்த்து மீண்டும் ஓட வைக்கும் பித்துப் பிடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சீமையிலிருந்து ஒரு விளக்கு கப்பலேறி வந்து சேர்வதற்குள் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. வழியில் உடைந்தால் நஷ்டம் யாருக்கு? முகமறியாத அந்த வியாபாரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி பழையது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கொற்கைக் கரையில் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார்கள். அன்று வந்த சரக்கு உயிருள்ள சரக்கு, அரபுக் குதிரை!

தாமிரபருணி கொண்டுவந்த மண் கொற்கையைத் தூர்த்துவிட்டது. கடல் விலகிப் போகவே, துறைமுகமும் அதன் பின்னாலேயே நடந்து காயலுக்குப் போயிற்று. 1268-இல் பட்டமேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியனுடைய காலத்தில் அந்தத் துறை ஜேஜே என்றிருந்தது. 1292-ஐ ஒட்டி இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் காயலுக்கு வருவதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஹோர்முஸ் கப்பலின் லட்சணத்தையும் அவரே சொல்கிறார். இரும்பாணி கிடையாது, தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள். மேல்தளமும் இல்லை. சரக்கின்மேல் தோலை விரித்து, அதன்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட கப்பல்கள் பல கடலோடு போய்விடுமாம்.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது எந்த வியாபாரி துணிந்து அனுப்புவான்? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் விடை சொல்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை. கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் மட்டுமே ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப வேண்டும். வழியில் ஏதேனும் செத்துப் போனால் அதற்கும் பாண்டியன் கஜானா விலை கொடுத்துவிடும்!

ஏமாளித்தனமாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் இந்த வாக்கு இல்லாவிட்டால் குதிரையே வந்திராது. வாக்குக்கு உயிருள்ள சாட்சியும் இருந்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சராகவும், காயல் முதலிய துறைகளுக்கு அதிகாரியாகவும் இங்கேயே இருந்தார். அனுப்புகிற கரையில் அண்ணன் தம்பியில் ஒருவர். இறக்குகிற கரையில் மற்றொருவர்.

இத்தனை பத்திரமாக வந்த குதிரைகளின் கதி என்ன? பாண்டிய சகோதரர் ஐவரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவார்கள். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையைப் பேணத் தெரிந்த வைத்தியர்கள் இங்கே இல்லை. வியாபாரிகள் அவர்களை அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! கணக்கு மிகையாக இருக்கலாம். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. வறுத்த வாற்கோதுமையும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டினார்களென்று வஸ்ஸாப் சொல்வதைப் பார்த்தால், அன்புக்குக் குறைவில்லை, பக்குவம்தான் தெரியவில்லை என்று தோன்றுகிறது.

அந்த உறவு வெறும் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் சீனாவுக்குத் தூது போய்த் திரும்பும் வழியில் இறந்தபோது, 1305-இல், இந்தக் கரையில் சிற்றப்பன் தகியுத்தீனின் சமாதிக்கு அருகில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்று பழைய காருக்கு ஓர் உறுப்பு அனுப்புகிற நல்ல சிநேகிதர், அதைப் பொருத்தும் விதத்தையும் ஒரு கடிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறார். காயல் துறைக்கு எத்தனையோ கப்பல்கள் வந்தன. அந்தக் கடிதம் மட்டும் வரவேயில்லை.