இலெமூரியாவும் கார்ல்ஸ்பெர்க் முகடும்

ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், 1864-இல் மடகாஸ்கர்ப் பாலூட்டிகள் குறித்து எழுதிய கட்டுரையில் இலெமூரியா என்னும் பெயரைப் படைத்தார். அத்தீவின் லெமூர்களுக்கு உறவான தேவாங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது எங்ஙனம் என்பதே அவர் வினா. நிலம் உயரும், தாழும். பக்கவாட்டில் பெயராது என்பது அக்கால நிலவியலாளரின் பொதுக் கருத்து. ஆதலின், இடையே ஒரு பெருநிலம் இருந்து சிதைந்தது என்று அவர் விடை கண்டார்.

இறையனார் அகப்பொருள் உரையும் அடியார்க்குநல்லார் உரையும் கூறும் கடல்கோளோடு இவ்விடையைப் பின்னாளில் தமிழறிஞர் சிலர் இணைத்தனர். விடை வேரூன்றியது, தேவாங்கு மறக்கப்பட்டது.

கண்டங்களே நகர்கின்றன என்று 1912-இல் ஆல்பிரட் வெகனர் கூறினார். எவ்விசை நகர்த்துகிறது என்பதை அவரால் நிறுவ இயலாமையின் பலர் அதனை ஏற்றிலர். ஏற்கவைத்த சான்றுகளுள் முதன்மையான ஒன்று, இலெமூரியா இருந்ததாகக் கருதப்பட்ட அதே கடற்பரப்பிலிருந்து வந்தது என்பது கருதத்தக்கது. அரபிக்கடலின் தெற்கே கார்ல்ஸ்பெர்க் முகடு என்னும் கடலடி மலைத்தொடர் உள்ளது. 1962-இல் ஓவன் என்னும் பிரித்தானியக் கப்பல் அதன் ஒரு பகுதியில் காந்தப்புலத்தை அளந்தது. அவ்வளவீடுகளைக் கொண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் 1963 செப்டம்பரில் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் தந்தனர். முகட்டின் பிளவில் பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகுகையில் அக்காலக் காந்தத்திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. புவியின் காந்தப்புலம் தலைகீழாக மாறியபின் இறுகும் பாறை எதிர்த்திசையைப் பதிக்கிறது. பழைய தரை இருபுறமும் விலக, இப்பட்டைகள் முகட்டின் இருமருங்கிலும் அடுக்காகின்றன. (இதே கருத்தைக் கனடாவின் லாரன்ஸ் மார்லி அவ்வாண்டே எழுதியிருந்தார், இரண்டு ஆய்விதழ்கள் அதனை ஏற்க மறுத்தன. மதிப்பீட்டு முறையில் பணிபுரியும் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.)

ஆகவே அக்கடற்றரை மூழ்கிய நிலமன்று. புதிதாகத் தோன்றிய பாறை. செஷெல்ஸின் கிரானைட் தீவுகள் போலக் கண்டத் துண்டுகள் சில அங்கு எஞ்சியிருப்பது உண்மையே. ஆயினும் இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். நம் மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. அப்பிரிவைக் கண்ட மாந்தர் இலர். ஸ்கிளேட்டரின் வினாவுக்கும் இன்று வேறு விடை உண்டு: லெமூர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதவைத் தாவரத் திரள்களில் மடகாஸ்கரை அடைந்தன என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

உரையாசிரியர் கூறும் கடல்கோளை இதனால் பொய்யென்று தள்ளவேண்டுவதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. கடல் நிலங்கொண்டமைக்கான தடயங்களைத் தேடவேண்டிய இடம் மன்னார் வளைகுடாவின் ஆழங்குறைந்த திட்டுகளும் பாக்கு நீரிணையுமே.