எதிரொலியில் தெரிந்த சிசு

ஜவ்வாது மலை என்றதும் பலருக்குச் சாமையும் தேனும் ஞாபகம் வரும், எனக்குக் காவலூர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தபோது, அந்த ஒளி முன்கூட்டியே மங்கியதைக் காவலூர்த் தொலைநோக்கியும் பதிவு செய்தது. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த வளையங்கள் அகப்பட்டுக்கொண்டன.

அதே மலையில் கர்ப்பிணியின் வயிற்றுச் சிசு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க மனிதன் பட்ட பாடும் கொஞ்சமல்ல.

1822இல் ஜெர்மானிய வைத்தியர் மெக்கல், ஒரே தாய்க்குப் பிறந்து இறந்த இரு குழந்தைகளை வர்ணித்தார். இரண்டுக்கும் பிடரியில் மூளைப் பிதுக்கம், சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள், கூடுதல் விரல்கள். அபூர்வமான பரம்பரைக் கோளாறு. தாயும் தகப்பனும் நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் நம் நாட்டுக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல.

மெக்கல் பிரேதத்தில் கண்டதை உயிருள்ள கர்ப்பத்தில் காண வழிகாட்டியது, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலை! 1955இல் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூ ஊருக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை அவற்றின் மேல் வைத்தார். காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போய் எதிரொலித்தது. நீர்க்கட்டி ஒரு மாதிரியும் தசைக்கட்டி வேறு மாதிரியும் பதில் சொல்லின. 1958இல் அவரும் மக்விகரும் பிரவுனும் 'லான்செட்' பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். 1972இல் லண்டனில் ஸ்டூவர்ட் காம்ப்பெல் குழுவினர், மண்டையோடு உருவாகாத 17 வாரச் சிசுவைக் கண்டுபிடித்தார்கள். மெக்கல் சொன்ன அடையாளங்களும் இன்று ஸ்கேனில் தெரிகின்றன.

கண் கிடைத்ததும் நாம் முதலில் தேடியது பெண் சிசுவை! அதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

அங்கங்களை விவரமாகப் பார்ப்பது 18 முதல் 20 வாரத்துக்குள். 1971ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தில் கோடு கிழித்தது. 2021 திருத்தம், கடுமையான கோளாறு என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் அந்தக் கோட்டை நீக்கியது. தப்பிக்கக்கூடிய சிசுவானால், பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும்.

ஆனால் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு, திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்குவது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் எதிரொலி என்னவோ அதேதான். அதைக் கேட்டு யோசிக்க அவளுக்கு மிஞ்சும் நாட்கள்தான் குறைந்துபோகும். யுரேனஸ் காத்திருக்கும். கர்ப்பம் காத்திருக்காது.